மெசேஜ் யாருக்குப் போகும்

சிங்கப்பூருக்குப் பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்று எங்கள் வீட்டில் நான்கு நாள் பேச்சு நடந்தது. பேச்சு என்றால் என் வீட்டுக்காரர் வேலுமணி பேசினார். நான் எதிரில் உட்கார்ந்து டீ ஷர்ட்டுகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். போகப்போவது நான், செலவு செய்யப்போவதும் நான். ஆனால் எங்கள் கம்பெனியில் எப்போதுமே அப்படித்தான். பீஸை எண்ணுவது நான், கையெழுத்துப் போடுவது அவர்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்களுக்குப் பதினெட்டு தையல் மெஷின். எக்ஸ்போர்ட்காரர்கள் அனுப்பும் துணியை வெட்டித் தைத்துக் கொடுக்கிறோம். கீழே கம்பெனி, மேலே வீடு. எங்கள் வீதியில் இப்படி இருக்கிற கம்பெனிக்காரர் வீட்டுப் பெண்கள் பதினான்கு பேர் சேர்ந்து, ஒரு டிராவல்ஸ் மூலமாக ஐந்து நாள் சிங்கப்பூர் போவதாக ஏற்பாடு. ஆண்கள் கிடையாது. "நம்மூட்டுப் பொம்பளை மட்டும் போகலைன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க" என்று அவர்தான் என் பெயரைக் கொடுத்தார்.

நான் சரி என்றேன். அவருக்கே ஆச்சரியம். மூன்று வருஷமாக எதைக் கேட்டாலும் "வேண்டாங்க" என்று சொல்லி வந்தவள் நான். தீபாவளிச் சேலைக்கு வேண்டாங்க, மருதமலைக்குப் போகலாமா என்றால் வேண்டாங்க. சிங்கப்பூருக்கு மட்டும் எப்படி வாயில் சரி வந்தது என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

எனக்கு அந்த ஊரில் ஒரு வேலை இருந்தது. எங்கள் மகள் தேவிப்பிரியா அங்கேதான் இருக்கிறாள். ஏழு மாதக் கர்ப்பம். இரண்டுமே அவருக்குத் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் வீட்டை விட்டுப் போய் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் பெயர் இசக்கிராஜா. இங்கே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்த தெற்கத்திப் பையன், வேறு ஜாதி. என் வீட்டுக்காரர் கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு என்னையும் காரில் ஏற்றிக் கொடுமுடிக்குப் போனார். காவிரியில் இறங்கித் தலைமுழுகினோம். மகள் செத்துப்போனாள் என்று அர்த்தம். கரையேறித் தலை துவட்டும்போது, "இனி அவ பேச்சு ஊட்டுக்குள்ள வரக்கூடாது. பேசறவங்க அவ போன வழியிலயே போயிக்கலாம்" என்றார். சொன்னது பொதுவாக. பார்த்தது என்னை.

என் தலையை யாரும் பிடித்து அமுக்கவில்லை. நானேதான் மூன்று முறை முங்கினேன். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, கேட்கத்தான் ஆளில்லை.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் சரியாக உறைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்று மற்றவர்கள் சொன்னால்தான் தெரியும். ஒரு நாள் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் ஆப்பரேட்டர் வராததால் நான் மெஷினில் உட்கார்ந்தேன். ஊசி விரலில் ஏறியிருக்கிறது. வெள்ளைத் துணியில் சிவப்பைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பீஸ் ரிஜெக்ட் ஆயிற்று. டாக்டர் சுகர், தைராய்டு, பி.பி. எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, நார்மல் என்றார். நானும் அதைத்தான் சொன்னேன், ஒன்றுமில்லை என்று.

இரண்டு மாதத்துக்கு முன் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். 'அம்மா, அஞ்சு மாசம். சிங்கப்பூர்ல இருக்கோம்.' அவ்வளவுதான். நம்பரை 'ஊசி ஏஜென்ட்' என்று பதிந்துகொண்டேன். மூன்று நாள் கழித்து 'சாப்டயா' என்று பதில் போட்டேன். 'ம்' என்று வந்தது. மூன்று வருஷத்துக்கு அம்மாவும் மகளும் பேசிக்கொண்டது இதுதான்.

ஆனால் தலைப்பிரசவம் என்று ஒன்று இருக்கிறது. அது தாய்வீட்டுச் செலவு. எங்கள் பக்கத்தில் எவ்வளவு இல்லாதப்பட்டவர்களும் இதை விட்டுக்கொடுக்கமாட்டார்கள். நான் தேவியைப் பெற்றபோது என் அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டினார். மாப்பிள்ளை வீட்டில் கோடி இருந்தாலும் முதல் பிரசவத்தின் பில் பெண்ணின் வீட்டுக்குத்தான் வரவேண்டும். அந்தப் பில்லில் கொஞ்சமாவது நான் கட்டிவிடவேண்டும் என்று நினைத்தேன். இதைப் பாசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாசம் இருந்திருந்தால் அன்றைக்கு ஆற்றில் இறங்கியிருக்கமாட்டேன். செய்யவேண்டியதைச் செய்துவிட்டு வந்துவிடவேண்டும், அவருக்குத் தெரியாமல். தெரிந்தால் நாற்பத்தொன்பது வயதில் எனக்குப் போக வேறு வீடில்லை.

ஐந்தாம் நாள், டாலர் மாற்றிக் கொடுக்கிற கம்பெனியிலிருந்து ரித்தீஷ் என்று ஒரு பையன் வீட்டுக்கே வந்தான். டை கட்டியிருந்தான். கையில் கலர் கலராக நோட்டீஸ்.

"ஏனுங்க சார், கார்டு போட்டுக்கறீங்ளா, கேஷா எடுத்துக்கறீங்ளா?"

"எது நல்லதுன்னு நீயே சொல்லு தம்பி."

"கார்டுதானுங்க சேஃப். கேஷ் தொலைஞ்சா போச்சு. கார்டு தொலைஞ்சா ஒரு போன் அடிச்சீங்கன்னா பிளாக் பண்ணிருவாங்க. அம்மா அங்க எந்தக் கடையில எவ்வளவு தேச்சாலும் உடனே மெசேஜ் வந்துருமுங்க. கடை பேரோட வரும்."

நான் கத்தரியை நிறுத்தினேன். "மெசேஜ் யாருக்குங்க போகும்?"

"எந்த நம்பர் குடுக்கறீங்களோ அந்த நம்பருக்குங்கம்மா."

"எம்பட நம்பரையே போட்டுக்க" என்றார் வீட்டுக்காரர். "அவளுக்கு மெசேஜ் எல்லாம் பாத்துப் பழக்கமில்லை."

ஊசி ஏஜென்ட்டின் மெசேஜ் என் மடியில் இருந்த போனில்தான் இருந்தது. நான் அடுத்த டீ ஷர்ட்டை எடுத்தேன். கார்டில் ஆயிரம் சிங்கப்பூர் டாலர் போடுவது என்றும், தண்ணீர் பாட்டில் வாங்க, பாத்ரூம் போகக் கைச்செலவுக்கு நூறு டாலர் நோட்டாகக் கொடுப்பது என்றும் முடிவாயிற்று. அந்த நூறுக்கும் திரும்பி வந்ததும் கணக்குச் சொல்லவேண்டும். அவர் கஞ்சர் இல்லை. ஆயிரம் டாலர் போடுகிறவரைக் கஞ்சர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எல்லாம் தெரிந்திருக்கவேண்டும் அவருக்கு, அவ்வளவே. ஒரு கோன் நூல் எங்கே போனது என்று தெரியாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஆக, கார்டு உதவாது. கார்டு வாயைத் திறந்தால் கடை பெயரைச் சொல்லிவிடும். நோட்டுக்கு வாய் கிடையாது. எனக்கு நோட்டு வேண்டும்.

என்னிடம் வேஸ்ட்டுக் காசு இருந்தது. வெட்டும்போது விழும் துண்டுத் துணியைச் சனிக்கிழமை எடை போட்டு வாங்கிப்போக ஆள் வருவார். அந்தப் பணத்தை மட்டும் வீட்டுக்காரர் கேட்கமாட்டார். அவருடைய அப்பா காலத்திலிருந்தே வேஸ்ட்டுக் காசு வீட்டுப் பெண்களுக்கு. அதில் சேர்த்ததை அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அதை டாலராக மாற்ற ரித்தீஷிடம் போக முடியாது. ஊரில் டாலர் மாற்றுகிற அத்தனை பேருக்கும் என் வீட்டுக்காரரைத் தெரியும். "அம்மா வந்திருந்தாங்க" என்று ஒருவன் சொன்னால் போதும். இந்திய நோட்டாக இருபத்தைந்தாயிரம் வரை கொண்டுபோகலாம், சிங்கப்பூரில் நம்மவர்கள் கடை வைத்திருக்கிற தேக்கா பக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்று டிராவல்ஸ்காரர் சொல்லியிருந்தார். எண்ணி ஐம்பது ஐந்நூறு ரூபாய்த் தாள் எடுத்தேன்.

ராத்திரி வரைக்கும் காத்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றிருக்கும்போது கீழே போனேன். உள்பாவாடையின் அடியில் ஒரு பட்டைத் துணியை மடித்து வைத்து, உள்ளே பிளாஸ்டிக் கவரில் நோட்டுகளை வரிசையாக அடுக்கி, ஓவர்லாக்கில் ஒரு ஓட்டு ஓட்டினேன். பிறகு பிரித்துக்கொண்டு விடுமோ என்று அதன்மேலேயே இன்னொரு ஓட்டு. இந்த ஊரில் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. தையல் விட்டுப்போனால் வெளிநாட்டில் வாங்குகிற பையர் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவான் என்கிற பயத்தில் எதைத் தைத்தாலும் ஜென்மத்துக்கும் பிரியாத மாதிரி தைப்போம். பிரிக்க வேண்டியதைத் தைக்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றியபோது கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் நின்றுகொண்டிருந்தேன். என் ஹேண்ட்பேக்கில் எப்போதும் கிடக்கும் நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரியை செக்யூரிட்டிக்காரப் பெண் எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டாள். என்னோடு வந்த ராமுத்தாய் அக்காவிடமிருந்தும் ஒன்று. அவருக்கு அடுத்தவரிடமிருந்தும். பதினான்கு பேரில் பதினொரு பேர் பையில் கத்தரி இருந்தது. "திருப்பூரா?" என்று கேட்டாள் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். என் காலடியில் இருபத்தைந்தாயிரம் ரூபாய் இரட்டைத் தையலில் பத்திரமாக இருந்தது. எனக்கே எட்டாத அளவுக்குப் பத்திரம்.

சிங்கப்பூர் எப்படி இருந்தது என்று பிறகு பலபேர் கேட்டார்கள். சுத்தமாக இருந்தது. உயரமாக ஏதோ சக்கரத்தில் ஏற்றினார்கள், பறவைகளைக் காட்டினார்கள், தண்ணீரில் கலர் லைட் போட்டார்கள். ராமுத்தாய் அக்கா ஒவ்வொன்றுக்கும் "அய்யோ சாமி" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் குலுங்கினேன். கார்டில் சாக்லேட்டும் தைலமுமாக அறுபத்து நான்கு டாலர் தேய்த்தேன். தேய்த்த ஐந்தாவது நிமிஷம் வீட்டுக்காரர் போன் செய்தார். "சாக்லேட்டா வாங்குனே? நல்லா வாங்கு, வாங்கு. ஃப்ரிட்ஜுல வெச்சுக்கலாம்." அவர் சந்தோஷமாக இருந்தார். மெசேஜ் வந்தது அவருக்குப் பிடித்திருந்தது.

பாவாடையைப் பிரிக்கக் கத்தரியும் கிடைக்கவில்லை, தனியாக இருக்க நேரமும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஷாப்பிங்குக்கு விட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு ரூமில் தங்கினேன். எல்லோரும் போனதும் 'ஊசி ஏஜென்ட்'டுக்கு மெசேஜ் போட்டேன். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்னமே மெசேஜில் பேசி வைத்ததுதான். அன்றைக்கு மூன்றரை மணிக்கு அவளுக்குச் செக்கப். ஹோட்டல் வாசலுக்கு டாக்ஸியில் வந்தாள்.

கதவைத் திறந்து இறங்கப் பார்த்தாள். வயிறு இடித்தது. "உக்காரு, உக்காரு" என்று நானே ஏறிக்கொண்டேன். கன்னம் வற்றியிருந்தது, கழுத்து கறுத்திருந்தது. கட்டிப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று இருக்கும் என எதிர்பார்த்து வந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. டாக்ஸியில் ஏ.சி. அதிகமாக இருந்தது, அதுதான் தெரிந்தது.

"சாப்டீங்ளா?" என்றாள்.

"சாப்ட்டேன். நீயி?"

"ம்."

ஆஸ்பத்திரி போகும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம். அது பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். பிரசவத்துக்கு முன்பணம் கொஞ்சம் இன்று கட்டவேண்டும், இசக்கிராஜாவுக்குச் சம்பளம் வந்ததும் மீதி கட்டுவோம் என்றாள்.

"நான் கட்டறேன் கண்ணு. அதுக்குத்தான் வந்தேன். பணம் கொண்டாந்திருக்கறேன், டாலரா மாத்தித்தான் கட்டோணும்" என்றேன்.

"எங்க?"

"பாவாடையில."

இருவரும் பாத்ரூமுக்குப் போனோம். ஒரு நர்ஸிடம் கெஞ்சி தேவி முனை மழுங்கிய கத்தரி ஒன்று வாங்கி வந்தாள். நான் சுவரில் சாய்ந்து ஒரு காலைத் தூக்கி வைத்தேன். அவளால் குனிய முடியாது. மூடிய கமோடின்மேல் உட்கார்ந்து, என் பாவாடை ஓரத்தை மடியில் இழுத்துப் போட்டு வெட்டத் தொடங்கினாள். தையல் விடவில்லை.

"ஏம்மா, டபுள் ஓவர்லாக்கா போட்டீங்க?"

"பிரிஞ்சுருமோன்னுதான்."

"இதை எக்ஸ்போர்ட்டே பண்ணலாம்." ஒரு நொடி அவள் உதட்டில் சிரிப்பு வந்து போயிற்று. சின்னப் பிள்ளையில் கம்பெனிக்குள் உட்கார்ந்து பிசிறு வெட்டியவள். அதே மாதிரி நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு நூலாக அறுத்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே யாரோ கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் கவர் வெளியே வந்தது. நோட்டுகள் என் உடம்புச் சூட்டில் கொஞ்சம் வளைந்திருந்தன.

அவள் கையில் வாங்கவில்லை. "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. வேஸ்ட்டுக் காசுதான். யாரும் கேக்கமாட்டாங்க."

"அப்படின்னா எனக்கு வேண்டாமுங்கம்மா."

"ஏங் கண்ணு? தலைப்பிரசவம்..."

"கொடுமுடிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுதானே போனீங்க? சொந்தக்காரங்க, டிரைவர் எல்லாரும் பாக்கத்தானே முங்குனீங்க? போட்டோ கூட எனக்கு வந்துச்சு." குரல் உயரவில்லை, அப்பாவைப் போலவே. "முங்கறதுன்னா வெளிச்சத்துல. குடுக்கறதுன்னா பாவாடையில மறைச்சு. நான் என்னங்கம்மா, தப்புப் பண்ணின பொண்ணா? உங்ககிட்ட நான் பணம் கேக்கலையே. அஞ்சு மாசம்னு சொன்னேன், அவ்வளவுதானே."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. கவரைப் பிடித்த என் கை நீட்டிய மேனிக்கே இருந்தது. அவள் எழுந்து கத்தரியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

நான் முகம் கழுவினேன். கண்ணாடியில் நாற்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். பாவாடை ஓரம் கிழிந்து தொங்கியது. இந்தப் பணத்தை மறுபடி மடித்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் அரிசி டப்பாவில் போட்டுவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. மத்தியானம் பிசிறு வெட்டலாம், சனிக்கிழமை வேஸ்ட் எடை போடலாம். செத்துப்போனவள் என்று முடிவு செய்த மகள் எங்கேயோ ஒரு பிள்ளை பெறுவாள். எல்லாம் நார்மல்.

வெளியே வந்தேன். பணம் கட்டும் கவுண்டரில் தேவி வரிசையில் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் போய் நின்றேன். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. மகளைக் காட்டினேன், கார்டை நீட்டினேன். "மதர்" என்றேன், என் நெஞ்சைத் தொட்டு.

தேவி என் முழங்கையைப் பிடித்தாள். "அம்மா, மெசேஜ் அப்பாவுக்குப் போகுமில்ல?"

"போகும்."

"கடை பேரோட?"

"எல்லாம் வரும். உடு."

அறுநூறு டாலர். மெஷின் ஒரு சத்தம் போட்டது, ஒரு சீட்டு வந்தது. சிங்கப்பூரில் ஐந்து மணி, வேலம்பாளையத்தில் மத்தியானம் இரண்டரை. சாப்பிட்டுவிட்டு வந்து கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்றிருப்பார். சட்டைப்பையில் போன் அதிரும்.

அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். தேவி டீ வாங்கி வந்தாள். பாதி குடிப்பதற்குள் என் போன் அடித்தது. அவர் நம்பர் இல்லை, நீளமான ஏதோ நம்பர்.

"வணக்கம் மேடம். உங்க டிராவல் கார்டு கஸ்டமர் கேர்ல இருந்து பேசறேன்." சின்னப் பெண்ணின் குரல். "கொஞ்ச நேரம் முன்னாடி உங்க கார்டுல அறுநூறு டாலர் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. இது யாரோ தப்பாப் பண்ணின டிரான்சாக்ஷன்னு சார் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காரு. கார்டை பிளாக் பண்ணிட்டோம். சாரும் இப்ப லைன்ல இருக்காரு, மேடம்."

பின்னால் எங்கள் மெஷின்கள் ஓடுவது கேட்டது. சிங்கர் எது, ஓவர்லாக் எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியும்.

"சித்ரா!" என்றார் வீட்டுக்காரர். மூச்சு வாங்கியது. "கார்டு உங்கிட்ட இருக்குதா பாரு. எவனோ களவாணிப் பய ஆஸ்பத்திரியில தேச்சுட்டான். மெசேஜ் பாத்ததும் போன் பண்ணீட்டேன். நீ பயந்துக்காதே. பணம் திரும்பி வந்துரும்னு சொல்றாங்க. நீ நல்லாத்தானே இருக்கறே? ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அவருக்குத் தோன்றவே இல்லை. ஆஸ்பத்திரிப் பெயரில் பெண்கள், குழந்தைகள் என்றெல்லாம் இருந்தும் தோன்றவில்லை. அவர் கணக்கில் அந்த ஊரில் எங்களுக்கு யாருமே இல்லை. திருடன் ஒருவன்தான் இருக்க முடியும்.

"மேடம், கார்டு தொலைஞ்சுபோச்சுன்னு நீங்க சொன்னாப் போதும். மீதி நாங்க பாத்துக்கறோம்" என்றாள் அந்தப் பெண்.

சொன்னால் போதும். பேக்கில் காணோமுங்க என்று ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்குப் போன பணம் திரும்பி வந்துவிடும், வீட்டுக்காரர் டிராவல்ஸ்காரரை நாலு திட்டுத் திட்டுவார், நான் ஊருக்குப் போய் இறங்குவேன். என் வீடு என் வீடாகவே இருக்கும். போனிலிருந்து வந்த சத்தம் தேவிக்குக் கேட்டிருந்தது. அவள் டீயை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியவில்லை, அதுதான் அவள் முகத்தில் இருந்தது. பெற்ற தாய் என்ன சொல்வாள் என்று ஒரு மகளுக்குத் தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. குடித்த டீயின் சூடு நாக்கில் இப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் எங்கே இருந்தது இதெல்லாம் என்று தெரியவில்லை.

"கார்டு எங்கிட்டத்தானுங்க இருக்குது" என்றேன். "நான்தான் கட்டினேன்."

"நீயா? உனக்கு என்னாச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. தேவிக்குக் கட்டினேன். அவ இங்கதான் இருக்கறா. எம் பக்கத்துல உக்காந்திருக்கறா. தலைப்பிரசவம் நம்ம செலவுதானுங்களே."

மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. யாரோ நூல் அறுந்துபோச்சு என்று கத்தினார்கள்.

"நான் பேசுனது தப்புன்னா நான் ஊட்டுக்கு வரலைங்க" என்றேன். "ஆனா நான் கட்டினது கட்டினதுதான். திருடன் எவனும் கட்டலை."

"சார்?" என்றாள் கஸ்டமர் கேர் பெண். "மேடம் கன்ஃபர்ம் பண்றாங்க. கம்ப்ளெயின்ட்டைக் கேன்சல் பண்ணிடலாமா? சார், லைன்ல இருக்கீங்களா?"

ஒரு கதவு சாத்துகிற சத்தம். மெஷின் ஓசை சட்டென்று அடங்கியது. ஆபீஸ் ரூமுக்குள் போயிருக்கிறார்.

"பண்ணிருங்க" என்றார்.

"ஓகே சார். கார்டை ஓப்பன் பண்ணிட்டேன். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

அவள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. அவர் தொண்டையைச் செருமினார். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன்.

"அவங்ககிட்ட..." என்று நிறுத்தினார். "எத்தனாவது மாசம்னு கேட்டுச் சொல்லுங்க."

"சார்? புரியலை சார்."

"கேளும்மா. எத்தனாவது மாசம்னு."

"மேடம்..." அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது. "சார் எத்தனாவது மாசம்னு கேக்கறாரு."

அழுகை வந்துவிட்டது, அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் பாவாடை ஓரம் தொங்க உட்கார்ந்து ஊளையிடாத குறையாக அழுதேன். தேவி என் கையிலிருந்து போனை வாங்கினாள். காதில் வைத்துக்கொண்டாள்.

"ஏழுங்கப்பா" என்றாள்.

நான் என் காதையும் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவரையும் சேர்த்து மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம், அந்தப் பெண்ணையும் சேர்த்தால் நான்கு. அவர் மகளுக்குப் பதில் சொல்லவில்லை. அவள் பெயரையும் சொல்லவில்லை. அந்தக் கஸ்டமர் கேர் பெண்ணிடம்தான் பேசினார்.

"அந்தக் கார்டுல இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்குதும்மா?" என்றார். "பத்தாட்டி இன்னைக்கே போடணும். எப்படிப் போடறதுன்னு சொல்லு."